பட்டியலில் இல்லாத பாட்டுக்காரன்

தம்பி,

கலியாணம் சொல்வதற்கென்று நீ எழுதி அனுப்பிய பட்டியல் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். கண்டாவளையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டையும் நீ விடவில்லை. ஐந்தாம் வகுப்பில் உன் பல்லை உடைத்தவனுடைய பெயரும் இருக்கிறது. அப்பாவின் உழவு இயந்திரத்தைத் திருத்துகிற மனிசன், பரந்தன் சந்தியில் உனக்குத் தலைமயிர் வெட்டுகிறவர், எல்லாரும் இருக்கிறார்கள். உடையார்கட்டுச் சுதன் இல்லை. மறந்துவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பல்லுடைத்தவனை நினைவு வைத்திருக்கிற பிள்ளை, இரண்டு வருடம் எங்கள் குசினியில் இருந்து சோறு தின்றவனை எப்படி மறக்கும்? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாய். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டுக்கு ஆட்கள் தாங்களாகவே வருவார்கள். கலியாணத்துக்கு வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அதன் பிறகு அந்த வீட்டுப் படலை எங்களுக்குத் திறக்காது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ “சரி அம்மா, விடுங்கோ” என்று வைத்துவிடுவாய். நானும் பாதியில், சுகமா, சாப்பிட்டாயா என்று கதையை மாற்றிவிடுவேன். ஏழு வருடமாக அதைத்தானே செய்துவருகிறேன். ஆகவே கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். எழுதினதை அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். “இப்ப ஏன் அதைக் கிளறுறீர்? கலியாணம் முடியட்டும்” என்றார். கலியாணத்துக்கு முதல் சொல்ல வேண்டியதைக் கலியாணம் முடிந்த பிறகு சொல்லி என்ன பயன்? இதைச் சொல்லாமல் உன் மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன். அது முடிவு.

சுதனும் இன்னும் மூன்று பெடியளும் உடையார்கட்டில் பாவிக்காமல் கிடந்த நெல்லுக் களஞ்சியம் ஒன்றில் கூடிப் பாட்டு அடித்த காலத்தில் உனக்கு இருபத்தொரு வயது. சுதன் பாடுவான், கிற்றாரும் அடிப்பான். இன்னும் இரண்டு பேர் கிற்றார், ஒருவன் ட்றம்ஸ். குழுவுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் ஆட்கள் தேடி வந்து தொந்தரவு செய்வார்கள் என்று சுதன் சொன்னதாக நீ சொல்லிச் சிரித்தாய். தேடி வர ஒரு ஈ காக்கை இல்லை, அதற்குள் இந்தப் பவுசு என்று நான் நினைத்தேன். உனக்கு ஒரு வாத்தியமும் வராது. உன் கைக்கு மண்வெட்டிதான் தோது என்று அப்பா பகிடி பண்ணுவார். நீ அவர்களுக்குக் கேட்கிற ஆளாக இருந்தாய். வேறு யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

உன் காது அப்படி. உலகத்தில் எல்லாரும் கேட்கிற பாட்டு உனக்கு வேண்டாம். வாய்க்கால் கட்டில் சிக்னல் வருகிற இடமாகப் பார்த்துக் குந்தியிருந்து, யாரும் கேள்விப்படாத குழுக்களைத் தேடிக்கொண்டிருப்பாய். ஒரு குழுவின் பாட்டுப் பிடித்தால், அதில் ட்றம்ஸ் அடித்தவன் வேறு எங்கே அடித்தான் என்று பார்ப்பாய். அந்த இரண்டாவது குழு யாருக்கு நன்றி எழுதியிருக்கிறது என்று பார்த்து மூன்றாவது குழுவுக்குப் போவாய். கலியாணத்துக்கு ஆட்கள் குடும்பம் விசாரிக்கிற விதமாக நீ பாட்டு விசாரித்தாய். “ஏனடா இந்தச் சனம் கேளாத பாட்டு உனக்கு மட்டும்?” என்று ஒருநாள் கேட்டேன். “சனம் கேளாததாலைதான் அம்மா. ஒராளாவது கேக்கோணுமெல்லோ” என்றாய். எனக்கு அது விசர்க்கதையாகப் பட்டது. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடுவதற்கு இல்லாத நேரம் இதற்கு எங்கிருந்து வருகிறது என்று ஏசினேன்.

பாட்டின் அருமை தெரியாதவள் என்று என்னை நினைக்காதே. அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பற்றரியும் வர விடாமல் தடுத்திருந்த போர்க்காலத்தில் நான் பதினெட்டு வயதுப் பெட்டை. உன் மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைப்பார். அதன் டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரில் கொழுவுவார். பெடலைக் கையால் சுற்றுகிற வேலை எனக்கு. நான் சுற்றுகிற வேகத்துக்குத்தான் பாட்டு ஓடும். கை களைத்தால் பாடுகிற பெண் ஆணாகிவிடுவாள். ஒரு கசற் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு தரமோ இரண்டு தரமோதான் கேட்க முடியும், அதற்குள் அடுத்த வீட்டுக்காரர் வந்து நிற்பார்கள். ஆகவே சுற்றிக்கொண்டே பாட்டை முழுதாகப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். சொல்லை மட்டும் பிடித்தால் போதாது. எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார்கள், எந்த இடத்தில் வயலின் வருகிறது என்று எல்லாம் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்ததை வயலில் களை பிடுங்கும்போது மற்றப் பெட்டைகளுக்குப் பாடிக் காட்டுவேன். அப்படிப்பட்டவள்தான் உன் பாட்டைச் சத்தம் என்று சொன்னேன். வயது போகப் போக மனிசருக்குத் தாங்கள் பட்ட தாகமே மறந்துபோகிறது, உனக்கும் மறக்கும், கவனமாயிரு.

அந்தக் கார்த்திகை மழையில் நீங்கள் களஞ்சியத்தில் மூன்று நாள் இருந்து ஐந்து பாட்டுப் பதிந்தீர்கள். இரவல் லப்டொப். தகரத்தில் மழை அடிக்கிற சத்தமும் பாட்டோடு பதிந்துவிட்டது என்று மற்றவர்கள் கவலைப்பட, நீதான் “அது இருக்கட்டும்” என்றாயாம். லப்டொப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது உடமைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரேயொரு நகத்தளவு மெமரிச் சிப். அதை யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் நீ கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், அவர் அதை உலகம் கேட்க இணையத்தில் ஏற்றிவிடுவதாகவும் ஏற்பாடு. சுதன் அந்தச் சிப்பை நெருப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து உன் கையில் தந்தான். நீ உடனே போகவில்லை. இரண்டு கிழமை அதை நமது சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் போட்டு, வந்து போகும்போதெல்லாம் கேட்டாய். நானும் கேட்டேன், வேறு வழி? பாட்டென்றால் நல்ல தமிழில் இருக்க வேண்டாமா, இதென்ன நாங்கள் குசினியில் கதைக்கிற கதையெல்லாம் பாட்டா என்று முறைப்பட்டுக்கொண்டு கேட்டேன்.

மார்கழியில் குளக்கட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு விடியற்காலைப் பூசைப் பாட்டுகள் ஒரு சிப்பில் ஏற்றிக் கொண்டுவருகிறேன் என்று பெண்கள் சபையில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிழமைதான் கிளிநொச்சியில் உனக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. நீ போகவில்லை. பெடியளோடு ஏதோ ஒத்திகை என்று உடையார்கட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் மேசை லாச்சியைத் திறந்து நெருப்புப் பெட்டியோடு சிப்பை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்திக்கு பஸ் ஏறினேன். போனுக்குப் பாட்டு ஏற்றித் தருகிற கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடி போட்ட அமைதியான மனிசர். கணினியில் செருகிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டார்.

“இதுக்குள்ளை என்னவோ பாட்டு அஞ்சு கிடக்கு அம்மா. அழிச்சுப்போட்டு ஏத்தட்டோ?”

“ஓம், அழியுங்கோ. அதெல்லாம் சும்மா சத்தம்.”

இதுதான் நான் சொல்ல வந்தது. தெரியாமல் நடந்ததில்லை. அந்த மனிசர் கேட்டார். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. வேறு சிப் ஒன்று வாங்கியிருக்கலாம். பெடியளிடம் வேறு பிரதி இருக்கும், வேண்டுமென்றால் நீ திரும்ப எடுத்துக்கொள்வாய் என்று ஒரு மூலையில் நினைத்ததும் உண்மை. ஆனால் கொஞ்சம் கஷ்டப்படட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றும் நினைத்தேன், அதுவும் உண்மை. இரண்டையும் எழுதுகிறேன், நீ இரண்டையும் வாசி.

நீ தேடத் தொடங்கியது மூன்றாம் நாள் விடிய. லாச்சியைக் கவிழ்த்தாய், மெத்தையைத் தூக்கினாய், அலுமாரியை இழுத்தாய். நானும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உன்னோடு சேர்ந்து தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து கூட்டினேன். “எலி இழுத்திருக்கும் தம்பி” என்றேன். அந்த நேரம் குளக்கட்டுப் பக்கமிருந்து கோயில் பாட்டு வந்துகொண்டிருந்தது. அது அந்தச் சிப்பிலிருந்துதான் வந்தது. நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே அதைத் தேடினோம், எனக்கு அது தெரிந்திருந்தது. ஒருநாள் போர் நாட்களைப் பற்றி நீ கேட்டபோது நான் வெட்கப்படும்படி எதுவும் செய்யவில்லை என்று சொன்னேனே, அது சரி. வெட்கப்பட வேண்டியதைச் சமாதானக் காலத்தில், விளக்குமாறும் கையுமாகச் செய்தேன்.

அதுதான் மூலப்பிரதி, வேறு பிரதி இல்லை என்று நீ சொன்னபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துப் பயந்து, இன்னும் வேகமாகக் கூட்டினேன். அடுத்தநாள் சுதன் வந்து முற்றத்தில் நின்று உன்னைக் கேட்ட கேள்விகளைக் குசினி யன்னலுக்குள்ளால் கேட்டுக்கொண்டு நின்றேன். ட்றம்ஸ் அடிக்கிற பெடியன் அந்த மாதமே வெளிநாடு போகிறான், இனித் திரும்பப் பதிய முடியாது என்றான். உனக்கு இது பொழுதுபோக்கு, எங்களுக்கு இதுதான் எல்லாம் என்றான். சிப்பை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுப் பொய் சொல்கிறாய் என்றும் சொன்னான். உண்மையில் உன்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, இருந்தது என்னிடம். அவன் போனபின் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன், அதையும் நீ குடிக்கவில்லை.

ஒரு மாதத்தில் வவுனியாவில் வேலை கிடைத்துப் போனாய். நான் நினைத்தது நடந்தது. போகும்போது உன் பழைய போனை என்னிடம் தந்தாய். “இதிலை நான் தேடி எடுத்த பாட்டுக் கொஞ்சம் கிடக்கு, எனக்கு வேண்டாம், நீங்கள் அழிச்சுப்போட்டுப் பாவியுங்கோ” என்றாய். அழிக்கச் சொல்லி நீயே சொன்ன அன்றைக்குத்தான் என்னால் அழிக்க முடியவில்லை. முதலில் குற்ற உணர்வில் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று, விரதம் பிடிக்கிறதுபோல, பிடிக்காவிட்டாலும் முடியும்வரை கேட்டேன். கச்சான் கடலை உடைக்கும்போது, நெல் அவிக்கும்போது, போனைச் சுளகுக்குள் வைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டாம் வருடமளவில் விரதம் போய்விட்டது. பிடித்துத்தான் கேட்கிறேன். அப்பா என்னை “கிற்றார்க்காரி” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

உன்னிடம் சொல்லாமல் எனக்குள் எத்தனை அபிப்பிராயம் சேர்ந்துவிட்டது என்று உனக்குத் தெரியாது. அந்த இங்கிலாந்துப் பெடியன் ஒருவன் எல்லாப் பாட்டையும் அழுதுகொண்டு பாடுகிறானே, அவனுக்கு வீட்டில் நேரத்துக்குச் சோறு போட்டிருந்தால் கொஞ்சம் தெம்பாகப் பாடியிருப்பான். நீ பெரிதாகச் சொன்ன அந்த ஐந்து பேர் குழு எனக்குச் சரிவரவில்லை, ஒருவரை ஒருவர் கேட்காமல் அடிக்கிறார்கள். ஆனால் தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களப் பெடியள் மூன்று பேர் பாடிய ஒன்று இருக்கிறது. ஒரு சொல் விளங்காது. நடுவில் கிற்றார் எல்லாம் நின்று கனத்த, தாழ்ந்த நரம்புச் சத்தம் ஒன்று மட்டும் நடந்து போகும், அதைக் கேட்டால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும். இதைப் பக்கத்து வீட்டு மனிசியிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. முதல் தரம் கேட்டு எதையும் தீர்க்கக்கூடாது என்று அந்தப் பாட்டுத்தான் எனக்குப் படிப்பித்தது. முதல் தரம் கேட்கும்போது நாங்கள் எங்களுக்குப் பழகின பாட்டைத்தான் அதற்குள் தேடுகிறோம். அது கிடைக்காத கோபம் போன பிறகுதான் பாட்டுக் கேட்கும். வருகிற பிள்ளையோடு குடும்பம் நடத்தும்போதும் இதை நினைத்துக்கொள். அவள் ஆசையாகக் கொண்டுவருகிற ஒன்று உனக்குச் சத்தமாகத் தோன்றினால், ஒரு தரம் பொறு.

போன சித்திரையில் ஒன்று நடந்தது. பனி நாட்டுப் பெண்பிள்ளைகள் மூன்று பேர், ஒரு வாகனக் கொட்டிலுக்குள் நின்று பாடிய பாட்டு, பின்னால் ஒரு நாய் குரைக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பாட்டை நான் யூடியூப்பில் தேடிப் பிடித்தேன். பார்த்தவர்களின் தொகை எங்கள் குறிச்சியின் சனத்தொகைக்குக் குறைவு. கீழே ஒரு கருத்தும் இல்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. “பிள்ளையள், நல்லாயிருக்கு. நாயும் நல்லாயிருக்கு” என்று தமிழிலேயே எழுதினேன். நாலு நாளில் பதில் வந்தது, ஏதோ மொழிபெயர்க்கிற கருவியில் போட்டு எடுத்த கோணல் தமிழ். அந்தக் குழுவை அவர்கள் எப்போதோ கலைத்துவிட்டார்களாம். என் எழுத்தைப் பார்த்த அன்றைக்கு மூன்று பேரும் பல காலத்துக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் தொலைபேசியில் கதைத்தார்களாம். நாய் செத்துவிட்டதாம். நான் நெல்லுச் சாக்கில் குந்தியிருந்து அழுதேன். முகம் தெரியாத மூன்று பேருக்கு ஒரு வரி எழுதி இவ்வளவு செய்ய முடிந்தவள், முகம் தெரிந்த நாலு பேரின் பாட்டை ஒரு வரி சொல்லி அழித்தேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லத் தீர்மானித்தேன். தீர்மானித்தும் நாலு மாதம் இழுத்தேன். உன் பட்டியல் வந்த பிறகு இழுக்க இடமில்லாமல் போய்விட்டது.

போன வியாழன் அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, சுதனின் பெயரை நானே எழுதி, முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். உடையார்கட்டுச் சந்தியில் இறங்கி விசாரித்தேன். வீதிக்கரையில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். யன்னல் கம்பி, படலை எல்லாம் செய்கிறான். கொஞ்சம் பெருத்திருக்கிறான். என்னைக் கண்டதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதிரை தேடினான், இல்லை, பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்துத் துடைத்துத் தந்தான். அழைப்பிதழை வாங்கிப் பார்த்தான். அது உன் எழுத்தில்லை என்று அவனுக்குத் தெரியாதா?

“அவன் தந்துவிட்டவனோ அம்மா?”

“இல்லை ராசா. நான்தான் கொண்டுவந்தனான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லாச்சி, நெருப்புப் பெட்டி, கடைக்காரர் கேட்டது, நான் சொன்னது, விளக்குமாறு, எல்லாம். அவன் கையிலிருந்த அழைப்பிதழை மெதுவாக மேசையில் வைத்தான். ஏசுவான் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும். “அவனைக் கள்ளன் எண்ட மாதிரிக் கதைச்சுப்போட்டன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கிரைண்டரைப் போட்டு இரும்பை அராவத் தொடங்கினான். பொறி பறந்தது. என்னைப் போகச் சொல்கிறான் என்று விளங்கியது. நான் போகவில்லை. வாளியிலேயே குந்தியிருந்தேன். ஒரு பஸ் போனது, இரண்டாவது பஸ்ஸும் போனது. அந்தச் சத்தத்துக்கு மேலால் நான் பாடத் தொடங்கினேன்.

கை காட்டினன், பஸ் நிக்கேல்லை,
தூசி மட்டும் இறங்கிச்சுது.
தூசியிட்டைக் கேட்டன், எங்கை போறாய்?
உன்னோடைதான் எண்டுது.

ஐந்து பாட்டில் எனக்கு முழுதாக நினைவிருப்பது இது ஒன்றுதான் தம்பி. மற்ற நாலும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன, ஒன்றின் மெட்டு மட்டும், ஒன்றில் இரண்டு வரி. அவை போனது போனதுதான், அதை நான் மறைக்கவில்லை. என் குரல் உனக்குத் தெரியும், உடைந்த குரல். இரண்டாம் சரணம் பாடும்போது கிரைண்டர் நின்றுவிட்டது. சுதன் திரும்பாமல் நின்று கேட்டான். மூன்றாம் சரணத்துக்கு நடுவில் நான் நிறுத்தி, மனதுக்குள் நாலு தட்டு எண்ணி, பிறகு தொடர்ந்தேன்.

“அதிலை நிக்கிறேல்லை அம்மா. அது பிழை. எனக்கு வரி மறந்துபோய் நிண்டனான்.”

“எனக்குத் தெரியாது. நீ அப்பிடித்தான் பாடினனீ. அதிலை மழைச்சத்தம் மட்டும் கேக்கும். அந்த இடம்தான் பாட்டு.”

கொஞ்ச நேரம் இதற்கு இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டோம். பாட்டை எழுதினவன் ஒரு பக்கம், அதை அழித்தவள் ஒரு பக்கம். கடைசியில் அவனே சிரித்துவிட்டான். மூன்றாம் சரணத்தின் வரிகள் அவனுக்கே மறந்துபோயிருந்தன. என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, இரும்பில் அளவு குறிக்கிற சோக்குக் கட்டியால் ஒரு தகரத்தில் எழுதினான். பிறகு தன் போனை என் வாய்க்கு முன்னால் பிடித்து முழுதும் பாடச் சொன்னான், பாடினேன். இப்போது நீயும் ஒருக்கால் பாடு ராசா என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஏழு வருடமாகக் கிற்றாரைத் தொடவில்லையாம்.

“பாடுறதுக்குக் கேக்கிற ஆள் வேணுமெல்லோ அம்மா. அவன் போனாப்போலை நான் ஆருக்குப் பாடுறது?”

கலியாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். அழைப்பிதழை எடுத்து என் கையில் திருப்பித் தந்தான். கோபத்தில் தரவில்லை. இரண்டு கையாலும் தந்தான். மாப்பிள்ளை வந்து சொன்னால் வருவேன், தாய் சொல்லி வரமாட்டேன் என்றான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்த அழைப்பிதழ் இப்போது உன் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதில் என் கை எழுதிய பெயரை வெட்டிவிட்டு உன் கையால் எழுது.

என்னோடு கோபிக்க உனக்கு உரிமை இருக்கிறது. கோபி. கலியாணத்துக்கு முதலும் கோபிக்கலாம், பிறகும் கோபிக்கலாம், நான் எங்கும் போகவில்லை, இங்கேதான் இருப்பேன். வந்திருக்கிற ஆட்களுக்கு முன்னால் என் காலில் விழ உனக்கு மனம் வராவிட்டால் அதையும் விடு, தூர நின்று பார்த்துக்கொள்கிறேன். மன்னிப்பை நான் அவசரப்படுத்தவில்லை. அவசரம் மற்ற விஷயத்துக்குத்தான். வருகிற சனிக்கிழமை நீ வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வெளிக்கிடு. பரந்தனில் இறங்கி வீட்டுக்கு வா, அழைப்பிதழை எடு, என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டு உடையார்கட்டுக்குப் போ.

நான் பாடிய பதிவை உனக்கு அனுப்பட்டோ என்று சுதன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ கெஞ்சிக் கேட்டாலும் அவன் அனுப்பமாட்டான், சத்தியம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாட்டு உனக்கு வேண்டுமென்றால் உடையார்கட்டுக்குப் போய் அந்தப் பெயின்ற் வாளியில் இரு. ஒன்றும் கேட்காதே, பழைய கதை ஒன்றும் எடுக்காதே. இருந்தால் போதும். அவன் பாடுவான்.

அம்மா